சாப்பிட மறுக்கும் பிள்ளைக்குப் போன் வழியே உதவி: வடஆற்காட்டுப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

இரவு எட்டரை மணிக்கு மேல்தான் எனக்கு அழைப்புகள் வரும். பிள்ளை தூங்கியிருக்கும். தட்டில் பிசைந்த சோறு காய்ந்திருக்கும். ஒடுகத்தூரிலிருந்தோ பேர்ணாம்பட்டிலிருந்தோ ஓர் அம்மா தாழ்ந்த குரலில், “அக்கா, இன்றைக்கும் மூன்று வாய்தான்” என்பார்.

நான் மருத்துவர் அல்ல. குடியாத்தம் பக்கத்தில் இருக்கும் ஒரு தாய். என் மகள் 2018இல் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பல வாரங்கள் மூக்கு வழியே குழாயில்தான் அவளுக்குப் பால் இறங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாரம் ஒரு முறை பஸ் ஏறி, சாப்பிடப் பழக்கும் பயிற்சிக்காக வேலூருக்குப் போய்வந்தோம். 2020 மார்ச்சில் பஸ் நின்றது. ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25ஆம் தேதிதான் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை இந்திய அரசு வெளியிட்டது. அதற்குச் சில வாரங்கள் கழித்து எங்கள் பயிற்சியாளர் வீடியோ அழைப்பில் வந்தார்.

அன்றுதான் அவர் எங்கள் வீட்டை முதல்முறையாகப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். வீட்டில் என் மாமியாரின் மடியில் மல்லாந்து சாய்ந்திருப்பாள். ஸ்பூன் மேலிருந்து வரும். அவள் மோவாயைத் தூக்கி வாயைத் திறப்பாள். தலை அப்படி அண்ணாந்திருந்தால் விழுங்குவது யாருக்கும் கடினம். அத்தனை மாதங்களாக யார் கண்ணிலும் படாத அது, இருபது நிமிட அழைப்பில் தெரிந்துவிட்டது.

போன் வழி உதவியின் பலம் அதுதான். உங்கள் வீடு, உங்கள் தட்டு, உங்கள் ஆயாவின் கை எல்லாம் எதிரே இருப்பவர் கண்ணில் படும். உள்ளதை உள்ளபடி காட்டுகிறவர்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில், போனில் பார்க்கக் கூடாதவை

யார் அழைத்தாலும் முதல் ஐந்து நிமிடம் நான் கேள்விகள் மட்டுமே கேட்பேன். விழுங்கும்போது பிள்ளை இருமுகிறதா, அடிக்கடி புரையேறுகிறதா? சாப்பிட்ட பிறகு தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் குரல் களகளவென்று மாறுகிறதா? சாப்பிடும்போது மூச்சு வாங்குகிறதா, உதடு நீலம் பாரிக்கிறதா? நெஞ்சுச் சளி, நிமோனியா என்று திரும்பத் திரும்ப வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதை நேரில்தான் சோதிக்க முடியும். அதுவரை வீடியோவுக்காகக்கூட அந்தப் பிள்ளைக்குப் புதிதாக எதையும் ஊட்டிப் பார்க்காதீர்கள்.

எடை இறங்குவது, பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வாந்தி எடுப்பது, இரண்டு பாதங்களும் வீங்குவது, முன்பு நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை சட்டென்று எதையுமே விழுங்க மறுப்பது ஆகியவையும் நேரில் பார்க்க வேண்டியவை. ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் துவண்டு கிடந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்; 108ஐ அழையுங்கள். பால்வாடியில் மேற்கையைச் சுற்றி ஒரு நாடாவால் அளப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அந்தச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைவு. அதற்கும் மருத்துவமனைதான். வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சி.எம்.சி. இருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கத்தவர்களுக்கு வாலாஜா, திருப்பத்தூர்க்காரர்களுக்குத் திருப்பத்தூர் அரசு மருத்துவமனை.

நம் பக்கத்தில் பிள்ளை சாப்பிடவில்லையென்றால் பலர் முதலில் போவது தொக்கம் எடுக்கத்தான். தொண்டையிலோ வயிற்றிலோ ஏதோ சிக்கியிருக்கிறது, ஊதி எடுத்துவிட்டால் பசி வந்துவிடும் என்ற நம்பிக்கை. போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் மகளையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். ஆனால் மேலே சொன்ன அறிகுறிகள் இருக்கும்போது அங்கே கழியும் ஒவ்வொரு நாளும் பிள்ளைக்கு ஆபத்து. வயிற்றைப் பிசைய விடுவதும் வாய்க்குள் விரல் விட அனுமதிப்பதும் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவதாக, இது உண்மையிலேயே சிக்கல்தானா

எனக்கு வரும் அழைப்புகளில் பல இந்த இடத்திலேயே நிம்மதியாக முடிந்துவிடும். மூன்று கிலோவோடு பிறந்த பிள்ளை ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிறது. அடுத்த ஓராண்டில் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. அம்மாவுக்கோ “போன வருஷம் நன்றாகச் சாப்பிட்டானே” என்ற கவலை. இரண்டு வயதை ஒட்டிப் புதிய உணவைக் கண்டு மிரள்வதும் வளர்ச்சியின் ஒரு கட்டம்தான். வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் பெரியவர்களுக்கே சோறு இறங்குவதில்லை. பிள்ளையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஆகவே தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு மாதத்துப் புள்ளியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மெலிந்த பிள்ளையாக இருந்தாலும் தன் வழியில் சீராக ஏறிக்கொண்டிருந்தால் அவசரமில்லை. கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, அல்லது எடை சரியாக இருந்தும் பிள்ளை மொத்தமே நான்கைந்து பொருள்களை மட்டும் தொடுகிறது, மற்றதைக் கண்டால் குமட்டுகிறது, ஒவ்வொரு வேளையும் அழுகையில் முடிகிறது என்றாலோ உதவி தேடுங்கள்.

மூன்றாவதாக, மூன்று நாள் நோட்டு

இதை எழுதாமல் யாரையும் அழைக்காதீர்கள். நாற்பது பக்க நோட்டு போதும். தொடர்ந்து மூன்று நாள், பிள்ளையின் வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் எழுத வேண்டும்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது, எங்கே உட்கார்ந்து, எத்தனை நிமிடம். தண்ணீரும் கணக்கு. தாத்தா டீயில் தோய்த்துக் கொடுத்த பொறையும் கணக்கு. பக்கத்து வீட்டுத் திண்ணையில் கிடைத்த முறுக்கும் கணக்கு.

பீடி சுற்றும் ஓர் அம்மா எனக்குப் படித்துக் காட்டிய ஒரு நாள், அவர் அனுமதியோடு: காலை ஆறரை, பாட்டிலில் பால் 200 மில்லி. எட்டு மணி, அரை இட்லி, டி.வி. முன்னால், அம்மா ஊட்டியது, ஐம்பது நிமிடம், அழுகை. ஒன்பதேகால், பொறை ஒன்று, தாத்தா. பத்தரை, ஐந்து ரூபாய் பாக்கெட், அண்ணனோடு பாதி. பதினொன்று, பால் 150. ஒரு மணி, பருப்புச் சோறு மூன்று வாய், துப்பல். இரண்டு மணி, “வெறும் வயிற்றோடு தூங்குகிறானே” என்று பால் 200. நான்கரை, பிஸ்கட் நான்கு. ஏழரை, தோசை கால் பங்கு, செல்போன் பார்த்தபடி. ஒன்பது, பால் 200.

படித்து முடித்தவர், “அக்கா, முக்கால் லிட்டர் பால் ஆகிறதே” என்று அவரே சொன்னார். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் வயிற்றில் சோற்றுக்கு இடமில்லை. பாலில் இரும்புச்சத்து மிகவும் குறைவு. அதனால் ரத்தசோகை வரும். ரத்தசோகை பசியை மேலும் மந்தமாக்கும். சாப்பிடவில்லையே என்று வீட்டில் இன்னும் பால் கொடுப்பார்கள். இந்தச் சுழலில் மாட்டிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை ஒரு மில்லி என்று கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் உங்கள் வீட்டு அலமாரியில் திறக்காமல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறு சிலவற்றையும் குறியுங்கள். மலம் எத்தனை நாளைக்கு ஒருமுறை போகிறது, இறுகியிருக்கிறதா. மலச்சிக்கலும் பசியைக் கெடுக்கும். வாயில் புண், சொத்தைப் பல், இரவில் குறட்டை உண்டா. குடற்புழு மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தது. எந்த மாதம் பிறந்தது, குழாயில் பால் கொடுத்தார்களா. பிள்ளை விரும்பித் தொடும் உணவுகள் எவை. அவற்றின் நிறம், மொறுமொறுப்பா மென்மையா, சூடா ஆறியதா. வெள்ளையான உணவுகளை மட்டும் தொடும் பிள்ளையும், மொறுமொறுவென்று இருப்பதை மட்டும் தொடும் பிள்ளையும் நம்மிடம் எதையோ சொல்கிறார்கள். பயிற்சியாளர் பிடித்துக்கொள்ளும் நூல்முனை பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

நான்காவதாக, யாரை அழைப்பது

ஏற்கெனவே பிள்ளையைப் பார்த்த மருத்துவமனை இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். பழைய சீட்டும் பதிவு எண்ணும் அங்கே இருக்கும். அடுத்த சந்திப்பை வீடியோவில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். கேட்காமல் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

எங்கும் காட்டியதே இல்லையென்றால் முதலில் பால்வாடி. அங்கே எடை போட்டு, இணை உணவு மாவு கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பால்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. வளர்ச்சியில் தடை இருக்கும் பிள்ளையை அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். பால்வாடி டீச்சரிடம் குழு எப்போது வரும் என்று கேட்டு வையுங்கள். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததிலிருந்து வாணியம்பாடி, அரக்கோணம் பக்கத்துப் பெற்றோர் சிலருக்குத் தங்கள் மையம் எது என்ற குழப்பம் இருக்கிறது. அலைவதற்கு முன் அதையும் டீச்சரிடமே கேட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேச அரசின் இ-சஞ்சீவனி செயலி இருக்கிறது. கட்டணம் இல்லை. செல்போன் எண்ணைப் பதிந்து, வரும் ரகசிய எண்ணைக் கொடுத்து, வரிசையில் காத்திருந்தால் மருத்துவர் வீடியோவில் வருவார். மருந்துச் சீட்டும் போனுக்கே வரும். செயலி வராத போனாக இருந்தால் 104இல் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். இந்த இரண்டும் தொடக்கத்துக்கு நல்லவை. மாதக்கணக்கில் தொடர வேண்டிய பயிற்சிக்கு ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் பேசுவது அவசியம். விழுங்குவதிலும் மெல்லுவதிலும் தடை என்றால் ஸ்பீச் தெரபிஸ்ட். தொடுவதற்கே அருவருக்கும், ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளைக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். எடைக்கும் சத்துக்கும் டயட்டீஷியன். இவர்களில் யார் வேண்டும் என்று குழந்தைநல மருத்துவர் சொல்லட்டும்.

போனில் மருத்துவம் பார்ப்பவர் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு நெறிகளிலேயே இருக்கிறது. தயங்காமல் கேளுங்கள். சிறு பிள்ளைக்கு ஆலோசனை பெறும்போது பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதும், விருப்பமில்லையென்றால் எந்த நேரத்திலும் நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் அதே நெறிகள்தான். பிள்ளையைப் பார்க்காமல், நோட்டைக் கேட்காமல், முதல் அழைப்பிலேயே சத்துமாவு டப்பா விற்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். மருந்துக் கடையில் “பசி சிரப்” என்று கேட்டு வாங்குவதும் வேண்டாம். அவற்றில் சில பிள்ளையைத் தூக்கத்தில் ஆழ்த்தும். மருத்துவர் எழுதாமல் கொடுக்கக் கூடாதவை.

ஐந்தாவதாக, வீடியோ எடுப்பது

எல்லோரும் தவறு செய்யும் இடம் இது. பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, பவுடர் பூசி, பிடித்த கேசரியைக் கொடுத்து எடுத்து அனுப்புவார்கள். அதில் பார்க்க எதுவும் இருக்காது. சாதாரணமான ஒரு மதிய வேளைதான் வேண்டும். அழுகையும் துப்பலும் இருந்தால் இருக்கட்டும்.

போனை யாரும் கையில் பிடிக்க வேண்டாம். பிடித்தால் பிள்ளை போனைத்தான் பார்க்கும். அரிசி டப்பாவிலோ தண்ணீர்க் குடத்திலோ சாய்த்து, பிள்ளையின் வாய் இருக்கும் உயரத்துக்கு, பக்கவாட்டில் வையுங்கள். முகம் மட்டும் தெரிந்தால் போதாது. தலையிலிருந்து பாதம் வரை தெரிய வேண்டும், ஊட்டுகிறவரின் கையும் தெரிய வேண்டும். வாசல் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். மின்விசிறியின் இரைச்சலில் விழுங்கும் சத்தமும் இருமலும் கேட்காமல் போகும். முடிந்தால் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். போனைச் சாய்த்து வைத்து இரண்டு நாள் எடுக்காமலே பழக்குங்கள், பிள்ளை அதை மறந்துவிடும். தொடக்கத்தில் இரண்டு நிமிடம், நடுவில் இரண்டு, முடிவில் இரண்டு என்று மூன்று துண்டாக எடுத்தால் அனுப்புவதும் எளிது. வெட்டி ஒட்ட வேண்டாம்.

பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, புதூர்நாடு போன்ற மலையூர்களில் சிக்னல் கிடைப்பது கடினம். அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. வீடியோவை வீட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கோ ரேஷனுக்கோ ஒடுகத்தூர், அணைக்கட்டு என்று கீழே இறங்கும் நாளில் அனுப்பிவிட்டு, மறுநாள் சாதாரண அழைப்பில் பேசுங்கள். நேரடி வீடியோ அழைப்பைவிட இப்படிச் செய்வதே சில நேரம் மேல். பயிற்சியாளர் நிறுத்தி, திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்.

பிள்ளைக்கு உடை போட்டிருங்கள். வீடியோவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். உறவினர் குழுக்களில் போடாதீர்கள். துப்பியபடி அழும் அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும்.

ஆறாவதாக, அழைப்பு நாள்

பிள்ளைக்கு வழக்கமாகப் பசிக்கும் நேரத்துக்கு அழைப்பை வாங்குங்கள். ஊட்டுகிறவர் யாரோ அவர்தான் முன்னால் உட்கார வேண்டும். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மா காலை ஏழரைக்குக் கிளம்பினால் மாலை ஏழுக்குத்தான் திரும்புகிறார். பகலெல்லாம் ஊட்டுவது ஆயா. அம்மா மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு பேசினால் பாதிக் கதைதான் போய்ச் சேரும். வீட்டில் உருது பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் அந்த மொழியிலேயே பேசக் கூடியவர் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஒரு வீட்டின் அழைப்பில் நானும் கூட இருந்தேன். பயிற்சியாளர், “ஆயா, நீங்கள் எப்படி ஊட்டுவீர்கள், காட்டுங்கள்” என்றார்.

“என்னத்தைக் காட்டுவதம்மா, வாயையே திறக்க மாட்டான். காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்தால்தான் பாலாடையில் கஞ்சி இறங்கும்.”

“உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் ஆயா?”

“ஐந்து.”

“ஐந்து பேருக்கும் இப்படித்தான் ஊட்டினீர்களா?”

“இல்லையம்மா. அதுகள் தானாக அள்ளித் தின்றன. இவன் கண்ணாடிப் பெட்டியில் இருந்து வந்தவன். விட்டால் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.”

மருமகள் அப்போதுதான் முதல்முறையாக, “அத்தை, எனக்கும் அதே பயம்தான்” என்றார். அதன் பிறகு அந்த வீட்டில் மூக்கைப் பிடிப்பது நின்றது. பாலாடை கெட்ட பொருள் அல்ல; குறைமாதக் குழந்தைக்கு மருத்துவமனையிலேயே அதில் பால் புகட்டுவார்கள். அழுகிற பிள்ளையைப் படுக்க வைத்து, மூக்கை அடைத்து ஊற்றும்போது அது நுரையீரலுக்குள் போகலாம். இதைச் செய்துவந்திருந்தால் அழைப்பில் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைத்துவிட்டு, பிள்ளை ஏன் கிண்ணத்தைக் கண்டு அலறுகிறது என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

அழைப்பு முடியும் முன் மூன்றை எழுதி வாங்குங்கள். இந்த இரண்டு வாரம் என்ன செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எது நடந்தால் உடனே நேரில் வர வேண்டும். பத்து அறிவுரை கிடைத்தால், “இவற்றில் முதலில் எது?” என்று கேளுங்கள்.

ஏழாவதாக, வீட்டில் செய்வது

ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லித் தருவது வேறுபடும். விழுங்குவதில் தடையில்லாத பிள்ளைகளுக்கு ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் அடிப்படை ஒன்று உண்டு. என்ன சமைப்பது, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கும். கடைப்பிடிக்க முதல் வாரம் நெஞ்சு படபடக்கும்.

இரண்டரை முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு. நடுவில் தண்ணீர் மட்டும். ஒரு வேளை அதிகபட்சம் அரை மணி நேரம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துவிட வேண்டும். பாதம் எங்காவது ஊன்றியிருக்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு, முதுகு சுவரில் சாய்ந்து உட்கார்வதே போதும். நாற்காலியானால் காலுக்கடியில் ஒரு மணை போடுங்கள். ஊட்டுகிறவர் எதிரே, பிள்ளையின் கண் மட்டத்தில் உட்காரட்டும்.

செல்போனை அணைப்பதுதான் எல்லா வீட்டிலும் பெரிய போராட்டம். “நாங்களும் நிலாவைக் காட்டித்தானே ஊட்டினோம்” என்பார்கள் பெரியவர்கள். நிலாவைக் காட்டுகிறவர் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை வாயிலிருப்பதை அறிந்து மென்றது. திரையைப் பார்க்கும் பிள்ளைக்கு வாய்க்குள் என்ன போகிறது என்பதோ வயிறு நிரம்பியதோ தெரிவதில்லை. ஒரேயடியாக எல்லா வேளையும் நிறுத்த முடியாவிட்டால், வீட்டில் ஆள் அதிகம் இருக்கும் ஒரு வேளையில் தொடங்குங்கள்.

புதிய உணவை அளவாகக் கொடுங்கள். விரல்நுனி அளவு போதும். பிள்ளைக்குப் பழகிய உணவுக்குப் பக்கத்தில் வையுங்கள். களி உருண்டையைத் தட்டி விளையாடட்டும், கீரைக் கடைசலில் விரலை முக்கட்டும், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எடுத்துத் தரையில் உருட்டட்டும். பார்ப்பது, தொடுவது, முகர்வது, நக்குவது, துப்புவது எல்லாமே சாப்பிடுவதற்கு முந்தைய படிகள். ஒரு புதிய உணவைப் பிள்ளை ஏற்கப் பத்து, பதினைந்து முறைகூட அதைச் சந்திக்க வேண்டியிருக்கும். மூன்றாம் முறையிலேயே “இவனுக்கு இது பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். கை, முகம், சட்டை எல்லாம் பூசிக்கொள்வதைத் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். கடைசியில் ஒருமுறை கழுவினால் போதும்.

கொஞ்சம்தான் சாப்பிடும் பிள்ளைக்கு அந்தக் கொஞ்சத்தில் சத்து இருக்க வேண்டும். தண்ணீராகக் காய்ச்சிய கஞ்சி வயிற்றை நிரப்பும், எடை ஏற்றாது. ஸ்பூனைச் சாய்த்தால் உடனே வழியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும். ஒரு சிறு கரண்டி நெய்யோ கடலை எண்ணெயோ சேருங்கள். கேழ்வரகு, சாமை, பாசிப்பருப்பு, முட்டை என நம் ஊரில் கிடைப்பவையே போதும். வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துக் கலக்கலாம். முழுக்கடலையை ஐந்து வயதுக்குள் கொடுக்கவே கூடாது. கடலை பறிக்கும் பருவத்தில் அவித்த கடலையோடு பிள்ளைகள் திரியும்போது கண் வையுங்கள். முழுத் திராட்சை, பச்சைக் கேரட் துண்டு, சப்போட்டாக் கொட்டையும் அப்படியே.

தொண்டையில் சிக்கி, இருமவோ அழவோ முடியாமல் பிள்ளை திணறினால் வாய்க்குள் கண்மூடித்தனமாக விரல் விடாதீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை தட்டுங்கள். வெளியே வராவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்தபடியே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முகம் கீழே இருக்கும்படி முன்கையில் கிடத்தி முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி நெஞ்சின் நடுவே ஒரு கையின் உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து அழுத்தம். எந்த வயதானாலும் பிள்ளை நினைவிழந்துவிட்டால் 108இல் பேசுகிறவர் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள்.

எட்டாவதாக, நகர்கிறதா என்று பார்ப்பது

தினமும் எடை போடாதீர்கள். மாதம் ஒருமுறை, அதே பால்வாடித் தராசில், ஏறக்குறைய அதே நேரத்தில் போதும். எடைக்கு முன்னால் வேறு மாற்றங்கள் வரும். சமையல் வாசனைக்கு ஓடிப்போகாமல் நிற்பது, தட்டைத் தள்ளாமல் இருப்பது, அப்பா தட்டிலிருந்து ஒன்றை எடுப்பது, அரை மணி நேரம் பதினைந்து நிமிடமாகச் சுருங்குவது. இவற்றை நோட்டில் தேதியோடு எழுதினால் அடுத்த அழைப்பில் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கும். காய்ச்சல் வந்தால் எல்லாம் இரண்டு வாரம் பின்னோக்கிப் போகும். என் மகள் சின்னம்மை வந்தபோது பழைய நிலைக்கே போனாள். வந்த வழியிலேயே திரும்பவும் ஏறினாள், ஆனால் முதல்முறையைவிட விரைவாக.

ஆறு வாரம் சொன்னபடி செய்தும் எதுவுமே அசையவில்லையென்றால் போனிலேயே இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம். “நேரில் ஒருமுறை பாருங்கள்” என்று நீங்களே கேளுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, பேச்சு தாமதம், கண் பார்த்துப் பழகாமை ஆகியவை உணவுச் சிக்கலோடு சேர்ந்திருந்தால் ஆறு வாரம்கூடக் காத்திராமல் வளர்ச்சி மதிப்பீட்டுக்குக் கேளுங்கள்.

அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. பிள்ளை துப்பும் ஒவ்வொரு வாயும் தன்னைத் துப்புவதுபோல் இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தூக்கமில்லாமல், தட்டைக் கண்டாலே கை நடுங்கி, பிள்ளையை அடித்துவிடுவேனோ என்று பயப்படும் நாள்கள் வந்தால் அதையும் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு வேளை வேறு யாராவது ஊட்டட்டும். அப்பாக்கள் இதைப் படித்தால், அந்த ஒரு வேளையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரில் வரச் சொன்னால்

முதல் பஸ்ஸில் கிளம்பும் அவசரத்தில் பெற்றோர் மறப்பவை எப்போதும் ஒரே பொருள்கள்தான். நோட்டு, வளர்ச்சி அட்டை, பழைய சீட்டுகள் இவற்றோடு, பிள்ளை வீட்டில் பயன்படுத்தும் தட்டையும் ஸ்பூனையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது விரும்பிச் சாப்பிடும் ஓர் உணவு ஒரு டப்பாவில், மறுக்கும் உணவு ஒன்று இன்னொரு டப்பாவில். ஊட்டுகிற ஆயாவும் கூட வரட்டும். எந்த நேரத்தில் ஊட்டச் சொல்லிப் பார்ப்பார்கள் என்று முந்தின நாளே போனில் கேட்டு, அதற்கு இரண்டரை மணி நேரம் முன்பு கடைசி உணவைக் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் அழுகிறதே என்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் அங்கே போய் வாயைத் திறக்காது. தண்ணீர் மட்டும் கொடுங்கள்; ஜன்னலோரம் உட்கார வைத்து ரோட்டைக் காட்டுங்கள்.